நீள வார்த்தை திக்காது

அண்ணாச்சி, காலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் வச்சுக்கிடுதீங்களா? கீழ உருட்டி வச்சிருக்கது ஃப்ளெக்ஸ். மிதிச்சா மடிப்பு விழுந்துரும், பொறவு கட்டும்போது மூஞ்சில கோடு தெரியும். எம் மக மூஞ்சி அதுல இருக்கு. கண்டக்டர் இதுக்கு லக்கேஜ் டிக்கெட் போடுவேன்னு நின்னான், பாத்தீங்கள்லா? இவங்க கம்பெனிக்கு வருசா வருசம் ஆயுத பூஜை பேனர் நான்தான் அடிச்சுக் குடுக்கேன். அதைச் சொன்னதும் வாயைப் பொத்திக்கிட்டுப் போயிட்டான்.

என்ன கேக்க வாரீங்க, கட்சிக்காரனான்னா? இல்ல இல்ல. கட்சியும் கிடையாது, கழுதையும் கிடையாது. கோயில்பட்டியில ஃப்ளெக்ஸ் கடை வச்சிருக்கேன். தாட்சாயணி டிஜிட்டல்ஸ். எம் மக பேருதான் கடைக்கு. எம் பேரு தங்கமாரியப்பன். நீங்க சங்கரன்கோயில் வரைக்கும்தான போறீங்க? டிக்கெட் எடுக்கையில கேட்டேன். நல்லதாப் போச்சு, நானும் அங்கதான் இறங்குதேன். எம் பொண்டாட்டி செல்வி பொறந்த ஊரு. மகளைக் கூட்டிட்டு வரப் போறேன்.

கூட்டிட்டு வந்தே ஆகணும் அண்ணாச்சி. வார ஞாயித்துக்கிழமைக்கு மண்டபம் புடிச்சாச்சு. சாதனைப் புத்தகம் போடுதவங்க வெளியூர்ல இருந்து கிளம்பி வாராங்க. பஸ் ஸ்டாண்டுல பேனர் கட்டியாச்சு, ஸ்டேஷன் ரோட்டுல கட்டியாச்சு, எங்க தெரு முக்குலயும் கட்டியாச்சு. 'நீண்ட நெடிய ஆங்கில வார்த்தைகளை அர்த்தத்தோடு சொல்லும் சிறுமி தாட்சாயணியின் இரண்டாவது உலக சாதனை.' வாசகம் நான்தான் எழுதினேன். அவகிட்ட இன்னும் சொல்லல. சொல்லணும்னா போனை எடுக்கணும்லா? எம் நம்பரைப் பாத்தாலே எம் பொண்டாட்டி கட் பண்ணிருதா. மூணு மாசமா இதே கூத்து.

சண்டையான்னு கேக்க வாரீங்க. சண்டையே கிடையாது. நான் கையை ஓங்கினவனும் இல்ல, குடிச்சவனும் இல்ல. எல்லாம் ஒரு பெரிய மனுசன் மேடையில கேட்ட ஒரு கேள்வியால வந்த வினை. ஆரம்பத்துல இருந்து சொன்னாத்தான் உங்களுக்கு விளங்கும்.

எம் மகளுக்குத் திக்கும் அண்ணாச்சி. ரெண்டு வயசுல நல்லாத்தான் பேசினா. நாலு வயசுல மாட்ட ஆரம்பிச்சது. கண்ணை இறுக்கி மூடிக்கிடுவா, கழுத்து நரம்பு புடைக்கும், ஒரு சொல்லு வெளிய வார வரைக்கும் எனக்கு மூச்சு முட்டும். பெத்தவனுக்குத்தான் தெரியும் அந்த வேதனை. பாத்துக்கிட்டு நிக்க முடியாது. அதனால நானே சொல்லி முடிச்சிருவேன். 'த... த...'ம்பா. தண்ணியா, இந்தா குடி. 'ப... ப...'ம்பா. பசிக்குதா, ஏளா செல்வி, புள்ளைக்குச் சோத்தைப் போடு. எல்லாம் எனக்கு அத்துப்படி. சில நேரம் தப்பாவும் போயிரும். ஆனாலும் குடுத்ததைக் குடிச்சிட்டுப் போயிருவா, பாவம். அடம் புடிக்கவே தெரியாத புள்ள.

சும்மா இருக்கலாமா? வாயுள்ள புள்ளைதான பொழைக்கும்? வசம்பு இருக்குல்லா, பேரு சொல்லாததும்பாங்களே, அதைச் சுட்டு உரசி நாக்குல தடவினோம். கோயிலுக்கு வெங்கல மணி வாங்கிக் கட்டினோம். பொறவு யாரோ சொன்னாங்கன்னு திருநெல்வேலியில பேச்சுப் பயிற்சி குடுக்குற ஒரு அம்மாகிட்டக் கூட்டிட்டுப் போனோம். அந்த அம்மா எம் மககூட ரொம்ப நேரம் உக்காந்து பேசிட்டு வெளிய வந்து சொல்லுது, "நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம் சார். அவ சொல்லி முடிக்கிற வரைக்கும் பொறுமையாக் கேளுங்க. நீங்க முடிச்சு வைக்காதீங்க." இதைச் சொல்லவா படிச்சுப் பட்டம் வாங்கினாங்க? சும்மா கேளுங்கன்னு சொல்ல ஒரு டாக்டரு. வைத்தியம்னா ஒரு மருந்து வேணும், மாத்திரை வேணும். பஸ்ஸு ஏறி வந்துட்டோம். செல்வி மட்டும் வழி பூரா புள்ளை பேசுததைக் கேட்டுக்கிட்டே வந்தா.

வைத்தியத்தைக் கடைசியில நான்தான் கண்டுபிடிச்சேன். நம்புவீங்களா? கடையில வச்சுத்தான். காது மூக்கு தொண்டை ஆஸ்பத்திரி ஒண்ணு திறப்பு விழா, அதுக்குப் பேனர் ஓடிக்கிட்டு இருந்தது. பாப்பா ஸ்கூல் விட்டு வந்து மிஷின் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு இருந்தா. ஃப்ளெக்ஸ் நூல் நூலா வெளிய வருது, ஒரு பெரிய இங்கிலீஷ் வார்த்தை. எனக்கே அதை எழுத்து எழுத்தாத்தான் தட்டத் தெரியும், வாசிக்க வராது. எனக்குப் பின்னால இருந்து கணீர்னு ஒரு சத்தம். 'ஒட்டோரைனோலாரிங்காலஜி.' திரும்பிப் பாக்கேன், எம் மக. ஒரு இடத்துலயும் மாட்டல அண்ணாச்சி. தண்ணியில விட்ட மீன் மாதிரி போகுது. திரும்பச் சொல்லும்மான்னேன். திரும்பச் சொன்னா. மிஷினை நிப்பாட்டிட்டு அவளைத் தூக்கிக்கிட்டு அழுதுட்டேன். நான் அழுது அவ பாத்தது அன்னைக்குத்தான்.

அன்னைக்கே எனக்குப் புரிஞ்சு போச்சு. சின்னச் சொல்லுலதான் திக்குது. நீள வார்த்தை திக்காது. அப்ப நீள வார்த்தையா சேத்துக் குடுத்துட்டா முடிஞ்சுது சோலி.

கம்ப்யூட்டர்லதான உக்காந்திருக்கேன், தேடுததுக்கா பஞ்சம்? தலையால தண்ணி குடிச்சுச் சேத்தேன். சும்மா சேக்கல, எழுத்தை வச்சு இனம் பிரிச்சேன். ஏ, ஈ, ஐ, ஓ, யூ அஞ்சும் வரிசையா வார வார்த்தை ஒரு இனம். ஆப்ஸ்டீமியஸ். அப்படின்னா வாயைக் கட்டி அளவா இருக்குதது. அதே அஞ்சும் தலைகீழா வாரது ஒரு இனம். சப்கான்டினென்டல். ஒரு எழுத்துக்கூட ரெண்டாம் தடவை வராதது, அன்காப்பிரைட்டபிள். ஐ மட்டும் ஆறு வாரது, இன்டிவிசிபிலிட்டி. பிரிக்க முடியாத தன்மைன்னு அர்த்தம். எஸ் மட்டும் எட்டு வாரது, பொசெஷன்லெஸ்னெஸ். தனக்குன்னு ஒண்ணுமே இல்லாத நிலை. ஈயைத் தவிர வேற உயிரெழுத்தே இல்லாதது, டிஃபென்ஸ்லெஸ்னெஸ். தன்னைக் காப்பாத்திக்க வழியில்லாத நிலை. வார்த்தை மட்டும் இல்ல, வாக்கியமும் உண்டு. இருபத்தாறு எழுத்தும் வார மாதிரி ஒரு நரி ஒரு சோம்பேறி நாயைத் தாண்டுமே, நாங்க கடையில எழுத்து மாடல் பாக்க அடிக்கது, அதையும் சொல்லுவா. தப்பா நினைக்காதீங்க, எனக்கே இப்ப எல்லாம் மனப்பாடம். சொல்லிச் சொல்லிக் குடுத்தது.

அர்த்தமும் அவ சொல்லணும். அர்த்தம் தமிழ்ல. அதுவும் திக்காது, ஏன்னா மனப்பாடம் பண்ணினது. நான் சொன்னபடியே சொல்லுவா, ஒரு எழுத்து மாத்த மாட்டா.

வீட்டுல ஒரு சட்டம் போட்டேன். வாய் பழகணும்லா? எது வேணும்னாலும் மொதல்ல ஒரு வார்த்தை சொல்லணும், பொறவு கேக்கணும். ஆரம்பத்துல வார்த்தையைச் சொல்லிட்டு 'அ... அப்பா, த... த...'ன்னு இழுப்பா. திக்குதுன்னா வேண்டாம்மா, கையைக் காட்டு, அப்பாவுக்குப் புரியும்னேன். சொன்ன பேச்சைக் கேக்குத புள்ள, அப்படியே புடிச்சுக்கிட்டா. ஃப்ளாக்சினாசினிஹிலிபிலிஃபிகேஷன்னு ஒரு வார்த்தை, இருபத்தொம்பது எழுத்து, ஒண்ணுக்கும் ஆகாதுன்னு தள்ளுததுன்னு அர்த்தம். அதைப் படபடன்னு சொல்லிட்டு பானையைக் காட்டுவா. தண்ணி குடுத்துருவோம். ஒரு வருசத்துல எங்க வீட்டுல திக்குத சத்தமே கிடையாது அண்ணாச்சி. அவ்வளவு அமைதி. செல்விக்குத்தான் அது பொறுக்கல. புள்ள தன்னால ஒரு வார்த்தை பேசி எத்தனை நாளாச்சுன்னு ஒரு நாள் அழுதா. பேசுதாளே, ஊரே கை தட்டுதேன்னேன். அவளுக்கு எங்க விளங்குது.

ஊரு கை தட்டினது பொய்யில்ல. சொந்தக்காரங்க வந்தா, 'பாப்பா, மாமாவுக்குச் சொல்லிக் காட்டு'ன்னா போதும். கல்யாண வீட்டுல பாட்டுக் கச்சேரிக்காரன் மூச்சு வாங்குத நேரத்துல மைக்கை வாங்கிக் குடுத்துருவேன். கோயில் கொடையில நையாண்டி மேளம் முடிஞ்சதும் எம் மகதான். நான் பத்தாவது பெயிலு. இங்கிலீஷ் பேசுதவன் கடைக்கு வந்தா நான் உள்ள போயிருவேன், கடைப் பையனை விட்டுப் பேசச் சொல்லுவேன். எம் மக மேடையில நிக்கும்போது அதே ஆட்கள் வாயைப் பொளந்துகிட்டுப் பாக்காங்க. எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போகும். பெருமையா இருக்காதா? இருக்கும்.

அப்பத்தான் உலக சாதனை வச்சோம். இந்தக் கோடை லீவுல. மண்டபம் நிறைஞ்ச கூட்டம். சாதனைக்காரங்க ரெண்டு பேரு கோட்டு போட்டுக்கிட்டு மேசையில உக்காந்திருக்காங்க. சிறப்பு விருந்தினரு தீப்பெட்டி ஆபீஸ் வச்சிருக்க ஒரு பெரியவரு. நல்ல மனுசன்தான், நல்லது கெட்டதுக்கு ஓடி வாரவரு. பேரு வேண்டாம்.

பாப்பா பாவாடை சட்டையில நிக்கா. ஆரம்பிச்சா பாருங்க. ஒண்ணு விடாம, இனம் இனமா, அர்த்தத்தோட. ஏ.சி. இல்லாத மண்டபம், எல்லாரும் நோட்டீஸால விசிறிக்கிட்டு இருந்தவங்க, விசிறுததை நிப்பாட்டிட்டாங்க. முடிச்சா. கோட்டுக்காரங்க எந்திரிச்சு நின்னு கை தட்டினாங்க. சாதனை முடிஞ்சுது. மெடலை அந்தப் பெரியவரு கையில குடுத்துட்டாங்க. கழுத்துல போட வேண்டியதுதான் பாக்கி.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைஞ்ச கதையா, அந்த மனுசன் மெடலைக் கையில வச்சுக்கிட்டு, மைக்கை வாங்கி, பாசமாக் கேக்காரு, "உம் பேரு என்ன தாயி?"

கேக்குத கேள்வியா இது? பின்னால பேனர்ல ரெண்டடி உயரத்துக்குப் பேரு இருக்கு. நிமிர்ந்து பாத்தா தெரியாதா? நோட்டீஸ்ல இருக்கு, மெடல்ல இருக்கு. உலகத்துல எந்தப் புள்ளைக்கும் அது சின்னக் கேள்வி. எம் மகளுக்கு அதுதான் மலை. திக்குத புள்ளைகளுக்குத் தன் பேருலதான் அதிகமாத் திக்கும், தெரியுமா உங்களுக்கு? எனக்குத் தெரியும்.

'தா...'ன்னா. மைக்கு வாய்கிட்ட இருக்கு. 'தா... தா...' அவ மூச்சு வாங்குதது மண்டபம் பூரா கேக்குது. கண்ணை மூடிட்டா. பின்வரிசையில யாரோ ஒருத்தன் சிரிச்சான். ஓடிப் போயி மைக்கைப் புடிச்சு, 'தாட்சாயணி'ன்னு நானே சொல்லிட்டேன். ஆச்சா? அதோட விட வேண்டியதுதான? அந்தப் பெரியவரு என் கையில இருந்து மைக்கை மெல்ல வாங்குதாரு. "நீங்க இருங்க தம்பி. புள்ள சொல்லட்டும்."

திரும்ப அவ வாய்கிட்ட கொண்டு போறாரு. எல்லாரும் அவ வாயையே பாக்காங்க. அவ திரும்ப ஆரம்பிக்கா. 'தா... தா... தாட்...' எனக்கு அதுக்கு மேல தாங்கல அண்ணாச்சி. நீங்களா இருந்தாலும் தாங்க மாட்டீங்க. கோட்டுக்காரன் பாத்துக்கிட்டு இருக்கான், சாதனையே இல்லன்னு சொல்லிட்டான்னா? நான் பக்கத்துல நின்னே சத்தமாச் சொன்னேன், "பாப்பா, பேரை விடு. டிஃபென்ஸ்லெஸ்னெஸ் சொல்லு."

கண்ணைத் திறந்து என்னைப் பாத்தா. பொறவு சொன்னா. கணீர்னு. "டிஃபென்ஸ்லெஸ்னெஸ். தன்னைக் காப்பாத்திக்க வழியில்லாத நிலை."

மண்டபமே அதிர்ந்து போச்சு. அப்படி ஒரு கைதட்டு. நான் மானத்தைக் காப்பாத்திட்டேன்னு நிமிருதேன், செல்வி மொத வரிசையில இருந்து எந்திரிச்சு மேடைக்கு வாரா. சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு, யாரையும் பாக்காம வாரா. அந்தப் பெரியவரு மெடலைப் போடக் குனியுதாரு. இவ புள்ளை கையைப் புடிச்சு இழுத்துக்கிட்டு இறங்கிப் போயே போயிட்டா. அவரு மெடலைக் கையில வச்சுக்கிட்டு நிக்காரு. இருக்கவங்க எல்லாம் என்னைப் பாக்காங்க. சாப்பாடு வேற சொல்லியிருக்கேன், சாம்பார் சாதமும் கேசரியும். யாருக்கு இறங்கும்?

மெடலை வாங்கிக்கிட்டு அவங்க பின்னாலயே பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். சங்கரன்கோயில் பஸ்ஸுல ஏறி உக்காந்துட்டாங்க. ஜன்னல் வழியா மெடலை நீட்டுதேன். பாப்பா அம்மா மடியில மூஞ்சியப் புதைச்சிருக்கா. செல்வி மெடலைத் தொடக்கூட இல்ல. நிதானமாச் சொல்லுதா, கோவமாக்கூட இல்ல, "அவ பேரை அவ சொல்லப் போனா. பாதி வரைக்கும் வந்துட்டா. நீங்க மறிச்சிட்டீங்க."

எனக்குச் சிரிக்கதா அழுகதான்னு தெரியல. பேரு ஊருக்கே தெரியும், அவ எதுக்குச் சொல்லணும்? நீங்களே சொல்லுங்க. இல்ல, இருங்க, நீங்க என்ன சொல்ல வாரீங்கன்னு எனக்குத் தெரியும். பொம்பளை மனசு, கொஞ்ச நாள் போனா சரியாயிரும்பீங்க. எல்லாரும் அதைத்தான் சொன்னாங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். ஸ்கூல் திறந்தாச்சு, வரல. கேட்டா, அங்கேயே சேத்தாச்சுங்காங்க. தமிழ் மீடியத்துல.

சும்மா இருப்பனா? ஒரு தடவை நேர்ல போனேன். எம் மச்சினன் சங்கரபாண்டி விசைத்தறி போட்டிருக்கான், வீட்டை ஒட்டியே தறிக்கூடம். தறிச் சத்தம் நீங்க கேட்டிருப்பீங்க. பக்கத்துல நின்னு கத்தினாலும் கேக்காது. நான் போன நேரம் வீட்டுல யாரும் இல்ல. தறிக்கூடத்து ஜன்னல் வழியா எட்டிப் பாத்தேன். உள்ள நூல் சுத்துத பொம்பளைங்க நடுவுல எம் மக உக்காந்திருக்கா. உதடு நிக்காம ஓடுது அண்ணாச்சி. கையை ஆட்டுதா, தலையை ஆட்டுதா, நடுநடுவுல சிரிக்கா. அந்தப் பொம்பளைங்களும் சிரிக்காங்க. எனக்கு உசுரே திரும்பி வந்த மாதிரி இருந்தது. எம் புள்ள மறக்கல. நான் இல்லாட்டியும் வார்த்தையெல்லாம் சொல்லிப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கா. பின்ன, வேற என்னத்தைப் பேசப் போறா அவ?

உள்ள போனேன். என்னைப் பாத்ததும் கப்சிப். மச்சினன் வந்து தறியை நிப்பாட்டினான். அந்த அமைதியில நான் ஆசையாக் கேட்டேன், எஸ் எட்டு வருமே, அதைச் சொல்லும்மான்னு. வாயைத் திறக்கல. ஐ ஆறு வருமே, அது? தலையைக் குனிஞ்சுக்கிட்டா. மச்சினன் என்னைத் தோள்ல கை போட்டு வெளிய கூட்டிட்டு வந்தான். மாப்ள, புள்ள இங்கன பேசுதா, திக்கித் திக்கித்தான் பேசுதா, ஆனா பேசுதா, கொஞ்ச நாள் விடுங்கங்கான். அவ ஒரு விசயம் சொல்ல ஆரம்பிச்சா வீட்டுல எல்லாரும் அப்படியே உக்காந்துருவாங்களாம். சோறு ஆறிப் போனாலும் சரி, அவ முடிக்கிற வரைக்கும் யாரும் எந்திரிக்க மாட்டாங்களாம். இதைப் பெருமையா வேற சொல்லுதான். ஒரு புள்ள ஒரு வரி பேசி முடிக்கதுக்கு ஒரு குடும்பமே கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கு. விளங்குமா? நான் பாடுபட்டு மூடி வச்ச திக்குவாயைத் தோண்டி எடுத்துட்டாங்க.

அதுக்குத்தான் இந்த ஃப்ளெக்ஸ். ராவோட ராவா கட்ட மாட்டேன், பயப்படாதீங்க. பட்டப்பகல்ல, மச்சினன் வீட்டுக்கு எதுத்த போஸ்ட்ல கட்டுவேன். வாசக்கதவைத் திறந்தா அவ மூஞ்சிய அவளே பாக்கணும். நான் இத்தனை வருசமா இந்தத் தொழில்ல பாத்தது ஒண்ணு சொல்லுதேன். ஃப்ளெக்ஸ் கட்டிட்டா அதுக்குப் பொறவு யாரும் பின்வாங்க முடியாது. எத்தனை கல்யாணப் பேனர் அடிச்சிருக்கேன். பொண்ணு உள்ள அழுதுக்கிட்டு இருக்கும், ஆனா பேனரு முக்குல ஏறியாச்சு, தாலி ஏறிரும். ஊரு வாயை மூட உலைமூடி கிடையாதுல்லா. நாலு பேரு, 'ஏ, ஞாயித்துக்கிழமை சாதனையாமே'ன்னு கேட்டா செல்வி என்ன செய்வா? புள்ளைய அனுப்பித்தான் வைக்கணும்.

என்ன, புள்ளைக்கு இஷ்டமான்னு கேக்க வாரீங்க, அதான? அவளுக்கு என்ன இஷ்டம்னு எனக்குத் தெரியாதா? அவ வாயைத் திறக்கும் முன்னாலயே எனக்குத் தெரிஞ்சுரும். எட்டு வருசமா அவளுக்கு வாயா இருந்தது நான்தான். எம் மேல அவளுக்கு உசுரு. எனக்கும் அவன்னா உசுரு அண்ணாச்சி. கடையில மிஷின் ஓடும்போது சும்மா பின்னால திரும்பித் திரும்பிப் பாக்கேன், நிக்காளான்னு. மூணு மாசமா வீட்டுல ஒரு சத்தம் இல்ல. பானையைப் பாத்தா அழுகையா வருது.

ஒரு உதவி செய்வீங்களா? உங்க போனைக் கொஞ்சம் தாங்க. புது நம்பர்னா எடுப்பாங்க. நாம வாரது தெரிஞ்சா பாப்பா குளிச்சுக் கிளம்பி நிப்பா. ரெண்டே நிமிசம். புண்ணியமாப் போகும்.

போகுது. ரிங்கு போகுது.

ஹலோ. ஹலோ, யாரு? பாப்பா! பாப்பா, அப்பா பேசுதேன். வச்சிராத, வச்சிராத. அம்மாவைக் கூப்பிட வேண்டாம். நீயே பேசு. அண்ணாச்சி, அவதான் எடுத்திருக்கா. ஸ்பீக்கர்ல போடுதேன், நீங்களும் கேளுங்க. வீட்டுக்குள்ள இருந்து பேசுதா, தள்ளி லேசாத் தறிச் சத்தம் கேக்குது பாருங்க.

பாப்பா, அப்பா பஸ்ஸுல வந்துக்கிட்டு இருக்கேன். ஞாயித்துக்கிழமை பெரிய விழா உனக்கு. பக்கத்துல ஒரு மாமா உக்காந்திருக்காங்க. மாமாவுக்கு ஒண்ணு சொல்லிக் காட்டு பாப்போம். எஸ் எட்டு வருமே? சரி, அது வேண்டாம். ஐ ஆறு வருமே, இன்டி... இன்டிவி... நீ முடி. சொல்லும்மா. மாமா காத்துக்கிட்டு இருக்காங்க.

பேச்சைக் காணோமே. லைன்ல இருக்கா, மூச்சு கேக்குது.

என்னம்மா? 'நா'வா? நான் வாரேன்ப்பா, அதான சொல்ல வார? வாரேன்னு ஒரு... என்ன அண்ணாச்சி, கையைப் புடிக்கீங்க? ஏன்? நான் ஒண்ணும் சொல்லலையே, அவளுக்கு எடுத்துக் குடுக்கேன், இல்லன்னா அவளுக்கு வராது. சரி. சரி, பேசல. கையை விடுங்க. பேசல.

"நா... நா... நான் வ... வ... வரலப்பா. இ... இங்க எல்லாரும் நான் மு... மு... முடிக்கிற வரைக்கும் இ... இருக்காங்க. நீ... நீங்களும் அப்படி இ... இருப்பீங்கன்னா... வா... வாங்கப்பா."

ஹலோ. பாப்பா? ஹலோ? வச்சிட்டா.

இந்தாங்க உங்க போன். கேட்டீங்களா? உங்க காதாலயே கேட்டீங்கள்லா? இதைத்தான் நான் அப்ப இருந்து சொல்லிக்கிட்டு வாரேன். எங்கிட்ட இருந்தப்ப ஒரு திக்கு கிடையாது. மூணே மாசம் விட்டேன், என்ன ஆயிருச்சு பாருங்க. ஒரு வரி சொல்லி முடிக்கதுக்குள்ள பஸ்ஸு கழுகுமலையத் தாண்டிருச்சு. நான் விரல் விட்டு எண்ணிக்கிட்டே இருந்தேன். ஒவ்வொரு திக்குக்கும் ஒரு விரலு. இந்தக் கை முடிஞ்சு அந்தக் கைக்குப் போயி, அதுவும் பத்தல.

என்ன அண்ணாச்சி, அப்படிப் பாக்கீங்க? கண்ணு ஏன் கலங்குது உங்களுக்கு? புள்ள திக்குதது உங்களுக்கே தாங்கல, பாத்தீங்களா. எனக்கு எப்படி இருக்கும்?

ஆமா, எண்ணுத கவனத்துல நான் விட்டுட்டேன். வாரேன்னுதான சொன்னா? கடைசியில 'வா'ன்னு ஒண்ணு காதுல விழுந்தது. வாரேன்னுதான?

சொல்லுங்க அண்ணாச்சி. நான் குறுக்க பேசல. என்ன சொன்னா?